தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழம்பொருளின் வயதைச் சொல்லும் சுங்கச் சட்டங்கள்

'ஆன்டிக்' என்ற சொல் இப்போது எதன் மேலும் ஒட்டிக்கொள்கிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் பித்தளை மணிக்கும் அதே பெயர். ஏலத்தில் லட்சங்களுக்குப் போகும் ஜெர்மன் பீங்கானுக்கும் அதே பெயர். நகைக்கடையில் போன மாதம் செய்த அட்டிகைக்கும் 'ஆன்டிக் ஃபினிஷ்'. இன்னொரு பக்கம், சிலைக் கடத்தல் செய்தி வரும்போதெல்லாம் ஒரு பயம் கிளம்புகிறது. பாட்டி காலத்துக் குத்துவிளக்கு வீட்டில் இருக்கிறதே, வைத்திருப்பது தப்பா? வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பலாமா?

இந்தக் குழப்பத்துக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பொருளுக்கு வயது என்ன? சொன்ன ஊரில், சொன்ன காலத்தில் செய்ததுதானா? சட்டம் அதை என்னவென்று பார்க்கிறது? மூன்றுக்கும் பதில் தேடிப் போனால், கலை வரலாற்றுப் புத்தகங்களைவிடச் சுங்க வரிச் சட்டங்களில்தான் அதிகம் போய் முட்டுகிறோம். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

நூறு வயது என்ற கோடு

முதலில் சொற்கள். 100 ஆண்டைத் தாண்டியது ஆன்டிக். அந்த வயதை எட்டாத, ஆனால் தன் காலத்தின் முத்திரை தெரிகிற பொருள் விண்டேஜ்; இதற்குச் சட்டத்தில் வரையறை கிடையாது, விற்பவர்கள் 20 வயதிலிருந்தே சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ரெட்ரோ என்றால் பழைய பாணியில் செய்த புதுப்பொருள். அதையே பழையது என்று சொல்லி விற்றால் போலி.

இந்த 100 எங்கிருந்து வந்தது? அழகுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, வரிக்குத்தான் சம்பந்தம். அமெரிக்காவின் 1930 சுங்க வரிச் சட்டம், 1830-க்கு முன் செய்த பழம்பொருட்களுக்கு இறக்குமதி வரி கிடையாது என்றது. ஒரே ஆண்டில் கோட்டை ஆணியடித்து நிறுத்திவிட்டதால், காலம் ஓட ஓட வரிவிலக்குக்குத் தகுதியான பொருட்கள் அருகிப் போயின. 1966-இல் அதை மாற்றி, இறக்குமதியாகும் நாளில் 100 ஆண்டைக் கடந்திருந்தால் போதும் என்றார்கள். உலகம் முழுக்கச் சுங்கத் துறைகள் பயன்படுத்தும் பொருள் பட்டியலில் 9706 என்ற தலைப்பின் கீழ் வருவதும் 100 ஆண்டைக் கடந்த பழம்பொருட்கள்தான்.

இந்தக் கோடு ஆண்டுதோறும் நகர்கிறது என்பதை மறக்கக் கூடாது. 1925 பாரிஸ் கண்காட்சியோடு பெயர் பெற்ற ஆர்ட் டெகோ பாணியை நேற்றுவரை விண்டேஜ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டில் செய்த பூச்சாடி இப்போது கோட்டைத் தாண்டி ஆன்டிக் ஆகிவிட்டது.

தட்டின் அடியில் நாட்டின் பெயர் வந்த கதை

1880-களில் பிரிட்டிஷ் உற்பத்தியாளர்களுக்கு ஜெர்மன் மலிவுச் சரக்கு பெரிய தலைவலி. கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டின் கத்தி போலவே செய்து, அதே மாதிரி முத்திரையும் குத்தி விற்றார்கள். 1887-இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, இப்படி மயக்கும் அந்நியச் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 'மேட் இன் ஜெர்மனி' என்பது அவமான முத்திரையாகத்தான் பிறந்தது. சில ஆண்டுகளிலேயே அது தரத்தின் அடையாளமாக மாறியது பிரிட்டன் எதிர்பார்க்காத திருப்பம்.

சேகரிப்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம். 1891 மார்ச் முதல், அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. அமெரிக்கச் சந்தை பெரியது என்பதால் உலகெங்கும் உற்பத்தியாளர்கள் எல்லாச் சரக்கிலும் பெயரைப் போடத் தொடங்கினார்கள். அமெரிக்க வரி அதிகாரிகளுக்காகப் போட்ட அந்த ஒற்றைச் சொல்தான் இன்று நமக்குக் காலண்டர். நாடுகளின் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்ததால் அந்தக் காலண்டர் இன்னும் நுணுக்கமானது:

1. நாட்டின் பெயரே இல்லை. 1891-க்கு முந்தையதாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கு அனுப்பாத சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காகித லேபிள் ஒட்டி அனுப்பியிருந்தால் முதல் கழுவலிலேயே போயிருக்கும்.

2. 'இங்கிலாந்து' என்று மட்டும். பெரும்பாலும் 1891-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ செய்தது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுதாக இருந்தால் 20-ஆம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

3. 'நிப்பான்'. ஜப்பான்காரர்கள் தங்கள் நாட்டுப் பெயரைத் தங்கள் மொழியிலேயே போட்டார்கள். 1921-இல் அமெரிக்கச் சுங்கத் துறை, நிப்பான் ஜப்பானியச் சொல், ஆங்கிலத்தில் 'ஜப்பான்' என்று போடுங்கள் என்றது. ஆக 'நிப்பான்' என்ற முத்திரை 1891 முதல் 1921 வரையிலான 30 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது.

4. 'ஆக்குபைட் ஜப்பான்'. போரில் தோற்ற ஜப்பான் நேசநாட்டுப் படைகளின் பிடியில் இருந்த காலம். 1952 ஏப்ரலில் அது முடிந்தது. அந்தச் சில ஆண்டுகளில் ஏற்றுமதியான சின்னப் பொம்மைகளையும் கோப்பைகளையும் மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தரம் சுமார்தான், கிராக்கி முழுக்க அந்த இரண்டு சொற்களுக்கு. அதனால் போலி முத்திரையும் இதில் அதிகம்.

5. 'செக்கோஸ்லோவாக்கியா'. 1918-இல் பிறந்து 1992 முடிவில் மறைந்த நாடு. அதே ஊரில், அதே உலையில் அதற்கு முன் ஊதிய கண்ணாடி 'பொஹீமியா' என்றோ 'ஆஸ்திரியா' என்றோ போயிருக்கும்.

6. 'வெஸ்டர்ன் ஜெர்மனி', 'வெஸ்ட் ஜெர்மனி'. 1949-க்கும் 1990-க்கும் இடையில். தாத்தா வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் இது இருந்தால், "வெள்ளைக்காரன் காலத்துக் கடிகாரம்" என்ற குடும்பக் கதையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

முத்திரை சொல்லாத விஷயங்கள்

முத்திரை தரும் தேதி பெரும்பாலும் 'இதற்கு முன் இல்லை' என்ற வகைத் தேதி. இதைப் புரிந்துகொள்ளாமல் பணத்தை விட்டவர்கள் நிறைய.

நல்ல உதாரணம், 1842 முதல் 1883 வரை பிரிட்டிஷ் சரக்கில் இருந்த சாய்சதுர முத்திரை. உச்சியில் ஒரு சின்ன வட்டம். அதில் ரோம எண் இருந்தால் அது எந்தப் பொருளால் ஆனது என்பதன் குறி. அதற்குக் கீழே சாய்சதுரத்தின் நான்கு மூலைகளிலும் எழுத்துகளும் எண்களும் இருக்கும். 1842 முதல் 1867 வரை ஆண்டைக் குறிக்கும் எழுத்து மேல் மூலையில். 1868 முதல் அது வலது மூலைக்குப் போய்விட்டது. அட்டவணையோடு ஒப்பிட்டால் நாள், மாதம், ஆண்டு மூன்றுமே கிடைக்கும். ஆனால் அது வடிவமைப்பைப் பதிவு செய்த நாள். நன்றாக விற்ற வடிவத்தை அதன் பிறகும் பல ஆண்டுகள் செய்துகொண்டே இருந்தார்கள்.

சீனப் பீங்கான் இன்னும் சிக்கல். அடியில் நீல மையில் ஆறு சீன எழுத்துகள் இருக்கும்: எந்த அரச வம்சம், எந்தப் பேரரசர் காலம் என்று. அதை அப்படியே நம்பினால் கதை கந்தல். பேரரசர் காங்ஷி (1662–1722) காலத்துக் கைவினைஞர்கள், இருநூறு ஆண்டு முந்தைய மிங் பேரரசர் செங்குவாவின் பெயரைத் தாராளமாக எழுதினார்கள். அதில் ஏமாற்றும் எண்ணம் எப்போதும் இருந்தது என்று சொல்ல முடியாது, முன்னோர் திறமைக்குச் செலுத்திய மரியாதையும் உண்டு. பின்னால் வந்தவர்கள் காங்ஷியின் பெயரையே எழுதினார்கள். அவர்கள் நோக்கம் அவ்வளவு சுத்தம் அல்ல.

ஜெர்மனியின் மெய்சன் தொழிற்சாலைக்கும் இதே கதி. ஐரோப்பாவில் முதன்முதலில் கெட்டிப் பீங்கான் செய்தது அதுதான், 1710-இல் தொடங்கியது. அதன் முத்திரை நீல நிறத்தில் குறுக்காக வைத்த இரண்டு வாள்கள். இரண்டு கோடு இழுத்தால் முடிந்தது என்பதால் உலகத்தில் அதிகம் திருடப்பட்ட பீங்கான் முத்திரைகளில் அதுவும் ஒன்று.

வெள்ளிச் சாமானில் நிலைமை பரவாயில்லை. பிரிட்டிஷ் வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீதத் தூய்மை. நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். கூடவே ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. ஆனால் 'இ.பி.என்.எஸ்.' என்று இருந்தால் அது நிக்கல் கலவையின் மேல் மின்முலாம் பூசியது, வெள்ளி விலை கொடுக்காதீர்கள்.

முத்திரையைத் தவிர வேறு எதைப் பார்ப்பது? தட்டு தரையைத் தொடும் அடி வளையத்தைப் பாருங்கள். மேசையில் பல பத்தாண்டு நகர்ந்த தட்டுக்கு அங்கே கீறல்கள் தாறுமாறாக, ஆழமும் மேலோட்டமுமாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியதில் எல்லாம் ஒரே திசையில் ஓடும். மரச்சாமானிலும் கடிகாரத்திலும் திருகாணியைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட தலை 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. 1890 என்று சொல்லும் கடிகாரத்தில் அது இருந்தால் ஒன்று பழுது பார்த்திருக்கிறார்கள், இல்லை கதை விடுகிறார்கள்.

உலகச் சரக்கு காரைக்குடிக்கு எப்படி வந்தது?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில், மேலே சொன்ன பட்டியல் முழுக்கக் கையால் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும். ஸ்வீடன் எனாமல் வாளி, ஜப்பான் பீங்கான், ஜெர்மனியில் செய்த சாமி பொம்மை, பெல்ஜியம் கண்ணாடி.

பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், சம்பாதித்ததைச் செட்டிநாட்டில் வீடாகக் கட்டினார்கள். பர்மா தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் ஜப்பான் சுவர் ஓடும் கப்பலேறி வந்தன. மகளின் சீர் வரிசைக்கு எனாமல் அடுக்குகள் டஜன் கணக்கில் வந்தன. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும், 1960-களில் பர்மா அரசு தொழில்களை நாட்டுடைமை ஆக்கியதும் அந்த வருமானத்தின் வேரை அறுத்தன. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். பிரிக்க முடியாத வீட்டிலிருந்து, பிரிக்க முடிந்த சாமான்கள் கடைத்தெருவுக்கு வந்தன.

எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசிச் சூளையில் உருக்கி ஒட்டவைப்பது. அதனால் சோதனை எளிது. காந்தம் ஒட்ட வேண்டும். விளிம்பில் பெயர்ந்த இடத்தில் கறுப்பு இரும்போ துருவோ தெரிய வேண்டும். வெள்ளை உலோகம் பளிச்சென்று தெரிந்தால் அது பெயின்ட் அடித்த அலுமினியம்.

இங்கே இன்னொரு முத்திரையும் உண்டு, எந்த ஐரோப்பியக் கையேட்டிலும் இல்லாதது: வெட்டிய பெயர். சீர் பாத்திரத்தில் குடும்பத்தின் விலாச எழுத்துகளையோ (இனிஷியல்) பெண்ணின் பெயரையோ புள்ளி புள்ளியாகப் பொறிப்பது நம் வழக்கம். சிலவற்றில் ஆண்டும் இருக்கும். வேறு வீட்டுப் பெயர் எதற்கு என்று வாங்குபவர்கள் சிலர் அதைத் தேய்த்து அழிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பொருள் எந்த வீட்டில் இருந்தது என்பதற்கு உள்ள ஒரே சாட்சி அதுதான். கைவிட்டுக் கை மாறிய இந்த வரலாற்றைத்தான் ஏல நிறுவனங்கள் 'ப்ரோவனன்ஸ்' என்கின்றன. நாம் பூர்வீகம் என்று சொல்லலாம். விலையைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் அது.

போலிகளில் இரண்டு வகை மட்டும்

பளபளக்கும் பித்தளைக் குழாய் வைத்த கிராமஃபோன், சுற்றுலா ஊர்க் கடைகளில் அதிகம் தென்படுவது. பழைய கைப்பெட்டி கிராமஃபோனின் மோட்டாரைக் கழற்றி, புது மரப்பெட்டியில் பொருத்தி, நாய் படம் போட்ட லேபிள் ஒட்டினால் ஆயிற்று. அது பாடும், அதனால் நம்பத் தோன்றும். பெட்டியின் உள்பக்கத்தைப் பாருங்கள்: புது மரத்தின் நிறம், புதுப் பசை, இயந்திரம் அறுத்த விளிம்பு எல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று கப்பல் சாமான்: தொலைநோக்கி, திசைகாட்டி, மணற்கடிகாரம். உத்தராகண்டின் ரூர்க்கி, உத்தரப் பிரதேசத்தின் மொரதாபாத் பக்கம் அலங்காரப் பொருளாக நேர்மையாகவே செய்து ஏற்றுமதி ஆகிறவை. கை மாறும்போதுதான் வயது ஏறுகிறது. 1885 என்று பொறித்த திசைகாட்டியின் மூடிக்குள், 1915-இல் முதன்முதலாக அச்சான ஆங்கிலக் கவிதை ஒன்று இருப்பதைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1972-இல் நிறைவேறி, 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கும் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம்தான் அடிப்படை. அதன்படி:

1. கலை அல்லது கைவினைப் பொருளோ, கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளோ, வரலாற்று மதிப்புள்ள பொருளோ 100 ஆண்டுக்குக் குறையாமல் இருந்தால் அது தொல்பொருள். மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 ஆண்டு போதும்.

2. வைத்திருப்பது குற்றம் இல்லை. ஆனால் அரசு அறிவித்த சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும்: கல், சுடுமண், உலோகம், தந்தம், மரம் போன்றவற்றில் செய்த சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள். சாதாரணக் குத்துவிளக்கு இந்த வகைகளில் இல்லை. பாவை விளக்கு போல உருவம் இருந்தால் சிற்பம் என்ற கணக்கில் வர வாய்ப்பு உண்டு; பதிவு அதிகாரியிடம் கேட்டுவிடுவது நல்லது.

3. தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும்.

4. நாட்டை விட்டு வெளியே அனுப்ப மத்திய அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் மட்டுமே உரிமை. தனியாள் அனுப்பினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. இந்த வரையறையில் பொருள் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. 1905-இல் கொள்ளுத்தாத்தா கப்பலில் கொண்டுவந்த இங்கிலாந்துப் பீங்கான் தட்டும் இன்று 100 வயதைத் தாண்டியதுதான். அதை லண்டனில் இருக்கும் பேத்திக்குக் கூரியரில் அனுப்பினால், தட்டு பிறந்த ஊருக்கே திரும்பிப் போகிறது என்ற வாதம் சுங்க அதிகாரியிடம் எடுபடாது. 100 ஆண்டு ஆகாத பொருள் என்றாலும் பழசாகத் தெரிந்தால், தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மேலே சொன்ன முத்திரைப் பாடமெல்லாம் அங்கே கைகொடுக்கும்: 'வெஸ்ட் ஜெர்மனி' என்று அடியில் இருக்கும் கடிகாரத்துக்கு 100 வயது ஆகியிருக்க வழியே இல்லை.

தந்தத்துக்கு வேறு கணக்கு. இந்திய யானைத் தந்த வணிகம் 1986-லேயே தடையாயிற்று. எத்தனை தலைமுறைப் பழசானாலும் தந்தச் சிமிழை விற்க முடியாது.

வாங்கும் நாடுகளும் இறுக்கிக்கொண்டு வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் தொல்லியல் பொருளும் நினைவுச் சின்னங்களிலிருந்து பெயர்த்ததும் 250 ஆண்டைத் தாண்டியிருந்தால் இறக்குமதி உரிமம் இல்லாமல் நுழைய முடியாது. மற்ற பல கலைப்பொருட்கள் 200 ஆண்டைத் தாண்டி, 18,000 யூரோவும் அதற்கு மேலும் பெறுமானால், சட்டப்படிதான் வெளியேறியது என்று இறக்குமதியாளர் உறுதிமொழி தர வேண்டும்.

தாளுக்கும் போலி உண்டு

அப்படியானால் பூர்வீகத் தாள் இருந்தால் போதுமா? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர் கால நடராசர் கதையைப் பாருங்கள். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அதை வாங்கியது. சிலை பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியதாகக் காட்டும் தாள்கள் கூடவே வந்தன. பழைய தேதி ஏன் தேவைப்பட்டது? கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்பாடு 1970-இல் வந்தது. இந்தியச் சட்டம் 1972. இரண்டுக்கும் முன்பே வெளியேறிவிட்டது என்றால் கேள்வி குறையும்.

அந்தத் தாள்களைப் பொய்யாக்கியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். தமிழ்நாட்டுக் கோயில்களில் அந்த நிறுவனம் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களில், அதே நடராசர் பின்னாளிலும் தன் கோயிலுக்குள்ளேயே நிற்பது தெரிந்தது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் வந்து சேர்ந்தது.

வீட்டுச் சாமானுக்கும் இதே வழிதான். பொருளை அது இருக்கும் இடத்திலேயே வைத்து ஒரு படம், கவிழ்த்து வைத்து முத்திரை தெரிய ஒரு படம், வெட்டிய பெயர் தெரிய ஒரு படம். யாருடைய சீரில் எந்த ஆண்டு வந்தது என்பதை, அது தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டுப் படத்தோடு எழுதி வையுங்கள்.